பத்தொன்பது நிமிடக் கையெழுத்து

போன வாரம் சின்னவள் தன் அக்காவின் பேச்சைப் பாதியில் வெட்டிப் போனை வைத்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். அதற்காக நான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. கூடப் பிறந்தவளை இப்படியா பேசுவாள், வாய்க்கொழுப்பு என்று பாதிப் பேர். மூத்தவள் மட்டும் என்ன பெரிய யோக்கியமா என்று மீதிப் பேர். நான் யார் பக்கமும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் ஒரு கணினிக் கம்பெனியில் வேகம் அளப்பவள். புது மடிக்கணினி எது தயாரானாலும் கடைக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வரும். ஒரு கட்டடத்தின் படத்தை வெளிச்சம், நிழல், கண்ணாடியில் விழும் பிம்பம் உட்பட முழுசாக வரைந்து முடிக்கச் சொல்லும் சோதனை நிரல் ஒன்று உண்டு. எல்லாக் கம்பெனிகளும் அதை வைத்துத்தான் மார்தட்டிக்கொள்கின்றன. அதை ஓடவிட்டு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துத் தருவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதைச் செய்கிறாள். வீட்டில் அவளுக்கு 'மீட்டர்' என்று பேர்.

அவள் கணவர் அதே கம்பெனியில் நாலாவது மாடி, விளம்பரப் பிரிவு. விளம்பரத்தில் வரும் வேக எண்களை ஜனங்கள் நம்புவதை விட்டு வெகுநாளாகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரை மூன்றே நிமிடத்தில் கொதிக்க வைக்கும் என்று போட்டிருந்த பாத்திரத்தை வாங்கி, அதன் முன்னால் கால் மணி நேரம் நின்ற எனக்கும் தெரியும். அதனால் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு யோசனை சொன்னார். எண்ணுக்குக் கீழே, அதை அளந்தவரின் கையெழுத்தை அப்படியே அச்சடித்துவிடுவது. யோசனை எடுபட்டுவிட்டது. மனைவியின் கையெழுத்து பத்திரிகையிலும் பேருந்தின் முதுகிலும் ஊர் சுற்றியது. "பொய் சொல்லவே தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கிட்டேன். அதையாவது உபயோகப்படுத்திக்க வேணாமா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

சின்னவள், மூத்தவளின் தங்கை. இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போலக் காட்சிகள் செய்து தருவது அவள் தொழில். வாடகை அறை, ஒரு மேசை, ஒரே ஒரு கணினி. பத்து நாளைக்கு முன் அந்தக் கணினி கண்ணை மூடியது. அக்கா கம்பெனியின் புது மாடல் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது, விளம்பரம்கூட வெளியாகவில்லை. எத்தனை நிமிடம் என்று அக்காவைக் கேட்டாள். பத்தொன்பது என்றாள் அக்கா. அதை நம்பி வாங்கினாள். அதையே நம்பி, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் நாற்பது காட்சிகளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தருவதாக ஒரு பெரிய நிறுவனத்துக்கு வாக்கும் கொடுத்தாள். அவளைத் தேடி வந்த முதல் பெரிய வேலை அது. கணினியோ ஒரு காட்சிக்கு முப்பத்தொரு நிமிடம் எடுத்தது.

"உன் பத்தொன்பதை நீயே வச்சுக்கோ" என்று அவள் போனை வைத்தது வியாழக்கிழமை. இன்று வெள்ளி.

*

காலை எட்டே காலுக்கு மூத்தவள் தங்கையின் அறைக்கதவைத் தட்டினாள். திறந்த தங்கை, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஆபீஸ் இல்லையா உனக்கு?"

"அரை நாள் லீவு சொல்லிட்டேன். மெஷினைப் பாக்கணும்."

"பாரு. தொடாதே. ஓடிட்டு இருக்கு."

அறைக்குள் கால் வைத்ததும் மூத்தவளுக்கு வியர்த்தது. ஜன்னல் வழியாக வெயில் நேராக மேசையில் விழுந்தது. கணினி ஒரு மடித்த துணியின் மேல் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு மனசு சட்டென்று லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா நேற்று முழுக்கச் சோறு இறங்காமல் தவித்தோம் என்று நினைத்தாள். அவளுடைய சோதனை அறையில் எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. கணினிக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துத்தான் ஆரம்பிப்பாள். அடியில் காற்றுப் போக இடம் விடுவாள்.

"அடுப்புக்குள்ள வச்ச மாதிரி இருக்குடீ இங்க. இதுல எந்த மெஷின்தான் ஓடும்?"

"அப்போ விளம்பரத்துல அதையும் சேத்துப் போடச் சொல்லு அத்தானை. ஏசி ரூம்ல, ஒரு மணி நேரம் தூங்க வச்சு எழுப்பினா பத்தொன்பது நிமிஷம்னு."

மூத்தவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். துணியை எடுத்துவிட்டு இரண்டு தடிப் புத்தகங்களைக் கணினிக்கு அடியில் கொடுத்தாள். சின்னவள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை முடிஞ்சுது?"

"இருபது."

இன்னும் இருபது. ஒன்றுக்கு முப்பத்தொன்று. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு முடியாது. தெரியும். கணக்குச் சொல்ல உன்னைக் கூப்பிடல."

"முடியாதுன்னு ஆயிடுச்சில்ல? அப்போ ஒரு அரை மணி நேரம் நிறுத்து. என் டெஸ்ட்டை இதுல ஓட்டறேன். மெஷின்ல கோளாறுன்னா மதியத்துக்குள்ள வேற கொண்டு வந்து தர்றேன்."

சின்னவளுக்கு நிறுத்த மனசே இல்லை. ஆனாலும் நிறுத்தினாள். அக்கா தோற்பதைக் கண்ணால் பார்க்கும் ஆசையில்தான் நிறுத்தினாள் என்று நான் சொன்னால், அவள் பக்கம் இருக்கும் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் உண்மை.

சோதனை ஆரம்பித்த பத்தாவது விநாடியில் கணினியின் உள்விசிறி ஊளையிட ஆரம்பித்தது. "என் வேலைக்கு இது ஒரு நாளும் இப்படிக் கத்தினதில்ல" என்றாள் சின்னவள். மூத்தவள் அதைக் காதில் வாங்கவில்லை. கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழுங்கும் அதே அறையில், எந்த ஓய்வும் கொடுக்காத அதே கணினியில், சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது.

கோளாறும் இல்லை, வெயிலும் காரணமில்லை.

"பரீட்சைன்னா நல்லா எழுதுது. வேலைன்னாதான் வலிக்குது" என்றாள் சின்னவள்.

"உன் படம் பெருசா இருக்கும்."

"ரெண்டும் ஒரே அளவு. நீ சொல்லித்தானே நான் கணக்குப் போட்டேன்?"

மூத்தவளுக்கு ஒரு பழக்கம். எதையும் மூன்று தடவை அளக்காமல் விடமாட்டாள். சின்னவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவள் கணினியில் இருக்கும் எதற்கும் அவள்தான் பேர் வைப்பாள். ஆஸ்பத்திரிக் காட்சிகளைச் சேமித்திருந்த கோப்புப் பெட்டியின் பேர் 'இதோட_தலைமுழுகு'. அதற்கு முந்தைய வாடிக்கையாளரின் பெட்டிகளுக்கு 'கடைசி', 'கடைசிக்கும்_கடைசி', 'சாமி_சத்தியமா_கடைசி' என்று மூன்று பேர்கள். அக்கா மறுபடி ஓட்ட வேண்டும் என்றதும், சோதனை நிரலைத் தன் பெட்டிக்குள் இழுத்துப் போட்டு, விறுவிறுவென்று அதன் பேரை மாற்றினாள். 'அக்கா_புளுகு'.

"இது என்னடீ?"

"என் மெஷின். என் இஷ்டம். ஓட்டு."

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. விசிறி கத்தவில்லை. சின்னவள் போட்டுக் கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. இருபது நிமிடம் கடந்தபோது திரையில் கட்டடத்தின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் வெறும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் முடிந்தது.

"பழைய பேரை வை" என்றாள் மூத்தவள்.

வைத்தாள். விசிறி ஊளையிட்டது. இருபது நிமிடம்.

முதலில் புரிந்தது சின்னவளுக்குத்தான்.

"அக்கா, இதுக்கு உன்னைத் தெரியுது."

தெரிகிறது. அதுதான் விஷயம். சோதனை நிரலின் பேரைக் கண்டதும், சூட்டையும் மின்சாரத்தையும் கவனிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லி யாரோ கணினிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற வேலைக்கெல்லாம் அது தன் உடம்பைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் போகும். ஆய்வாளர் வருகிறார் என்றால் மட்டும் வாசலைக் கழுவும் பள்ளிக்கூடங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம். இங்கே அந்த ஆய்வாளர் நம் மூத்தவள்.

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. இருபத்திரண்டு டிகிரி, ஒரு மணி நேர ஓய்வு, மூன்று தடவை அளவு என்று அவள் பூஜை மாதிரி செய்ததையெல்லாம் நினைத்து உள்ளங்கை எரிந்தது. தங்கை எதிரில் உட்கார்ந்திருப்பது அதைவிட எரிந்தது.

"எனக்குத் தெரியாதுடீ" என்றாள்.

"தெரியாதுன்னு தெரியுது" என்றாள் சின்னவள். அதற்குமேல் கெஞ்சவும் கொஞ்சவும் அவளுக்கு நேரமில்லை. அடுத்த நொடியே அவள் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. "அக்கா, என் படம் வரையற சாஃப்ட்வேருக்கும் அந்தப் பேரையே வச்சுட்டா?"

"வேணாம். இருபது நிமிஷம் ஓடறது வேற, நாள் பூரா ஓடறது வேற. சூடு தாங்காது."

"இப்போ பத்து மணி. ஒண்ணுக்கு இருபது நிமிஷம்னா நாலே முக்காலுக்குள்ள முடிஞ்சிடும். நீ கிளம்பு."

"சொன்னாக் கேளுடீ."

"உன் பேச்சைக் கேட்டுதான் இதை வாங்கினேன்" என்றாள் சின்னவள். மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

*

சோதனை அறையில் அதே மாடலில் மூன்று கணினிகள் இருந்தன. மூன்றிலும் நிரலின் பேரை மாற்றினாள். என்ன பேர் வைப்பதென்று தோன்றாமல் 'ஒண்ணு', 'ரெண்டு', 'மூணு' என்று வைத்தாள். இருபத்திரண்டு டிகிரி குளிரில் அவை இருபத்தொன்பது நிமிடம் எடுத்தன. மறுபடி ஓட்டினாள். அதே இருபத்தொன்பது. மூன்றாவது தடவையும் ஓட்டினாள். நடுவில் யாரோ வந்து சாப்பிடப் போகலாமா என்று கேட்டார்கள். பசியில்லை என்றாள். எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், கழுவிய கையையே மறுபடி கழுவினாள். கணவர் கூட்டத்தில் இருந்தார். நாலு மணிக்கு முடியும் என்றார்கள். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவள் நாலாவது மாடியில் நின்றாள்.

"வா வா. உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார் அவர். மேசையில் விளம்பரத்தின் மாதிரித் தாள். பெரிய எழுத்தில் '19 நிமிடம்'. கீழே, 'அளந்தவர் கையெழுத்துடன்'. அதற்கும் கீழே வெற்றிடம். "ஒரு கையெழுத்து போட்டுடு. அஞ்சு மணிக்குள்ள ஃபைல்ல வைக்கணும்."

அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை வைத்த பேரைக்கூட மறைக்கவில்லை. அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லி முடித்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. வீட்டில் குழாய் ஒழுகினாலே ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பேனா மூடியைத் திருகினார். "எல்லாரும் செய்யறாங்கம்மா. எதிர்க் கம்பெனிக்காரன் பதினேழுன்னு போடறான். நிஜமா பதினேழா? அவனும் இப்படித்தான். நாம மட்டும் இருபத்தொன்பதுன்னு போட்டா எவன் வாங்குவான்?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"நாம பொய் சொல்லலியே. பத்தொன்பதுல முடிஞ்சுது. நீதானே அளந்தே?"

"எனக்காக அது போட்ட வேஷத்தை நான் உக்காந்து அளந்திருக்கேன். என்னைக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சாஃப்ட்வேர் பிரிவுல ஒருத்தர் லிஃப்ட்ல வரும்போது சொன்னாரு. ரெண்டு வாரம் இருக்கும்."

இரண்டு வாரம். அவளுக்கு எண் என்றால் போதும், தானாகக் கணக்குப் போட்டுவிடும் மண்டை. தங்கை கணினி வாங்கியது பத்து நாளைக்கு முன். அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனவர், கண்ணை மூடிக்கிட்டு வாங்கு என்று சொன்னவர், எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கும் இந்த மனிதர்.

"அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனப்பவே தெரியும்" என்றாள்.

"அவகிட்ட சொன்னா உன்கிட்ட சொல்லுவா. உன்கிட்ட சொன்னா நீ கையெழுத்து போடமாட்டே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் இந்த மாடியில முப்பது பேர் இருந்தோம். இப்போ பதினாலு. இந்த மாடல் போகலைன்னா அடுத்து யாருன்னு நினைக்கறே? எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? ரெண்டு வாரமா நான் சரியாத் தூங்கல, தெரியுமா உனக்கு?"

பயந்துபோன மனிதர்தான். அதில் நடிப்பு இல்லை. இரண்டு வாரமாக அவர் இரவில் புரண்டுகொண்டே இருந்ததை அவளும் கவனித்திருந்தாள், வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருந்தாள். அதை நினைக்கையில் அவளுக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது, அந்த இரக்கமே அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். மாதிரித் தாளில் இருந்த பத்தொன்பதை அடித்தாள். மேலே இருபத்தொன்பது என்று எழுதி, வெற்றிடத்தில் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் போட்டாள்.

"கையெழுத்து கேட்டீங்க. இந்தாங்க."

அவர் தாளைப் பார்த்தார். கத்துவார், கிழிப்பார், குறைந்தபட்சம் என்ன இது என்றாவது கேட்பார் என்று நின்றாள். அவர் அதைத் தன் பக்கம் நகர்த்தக்கூட இல்லை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. சின்னவள்.

"மெஷின் போச்சுக்கா. மிச்சம் இருந்ததுல பதினோராவது காட்சியில சூடு தாங்காம அணைஞ்சிடுச்சு. மதியத்துலேர்ந்து முட்டிப் பாக்கறேன், திரும்ப உயிரே வரல. நீ சொன்னே, நான் கேக்கல, சரி. கஸ்டமருக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லி ரெண்டு நாள் கேட்டேன். விளம்பரத்துல வர்ற வேகம் நிஜ வேலையில வராது சார், முப்பத்தொண்ணு ஆகுதுன்னேன்." சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. அழுதிருக்கிறாள் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. "அதுக்கு அவன் ஒரு படம் அனுப்பினான். உங்க கம்பெனி விளம்பரம். மதியமே நெட்ல வந்துடுச்சாம். பத்தொன்பது நிமிஷம், கீழ உன் கையெழுத்து. அளந்தது எங்க அக்காதான்னு நான் அவன்கிட்ட பெருமை பீத்தி வச்சிருந்தேன். கூடப் பிறந்தவளே கையெழுத்து போட்டிருக்கா, நீ மெஷின் மேல பழி போடறியாங்கறான். என்னைப் பொய்க்காரிங்கறான்க்கா."

மூத்தவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கணவரைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க" என்றார் அவர் மேசையைப் பார்த்து. "போன மாடலுக்கு நீ போட்ட கையெழுத்து கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. எப்படியும் போடத்தானே போறேன்னு நினைச்சேன்."

அப்படியானால், அவள் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டதையெல்லாம் அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா, இருக்கியா?" என்றாள் சின்னவள். "அவன் லைன்லயே இருக்கான். என்ன சொல்லட்டும்? நான் பொய்யா, நீ பொய்யா?"

"அந்தக் கையெழுத்து என்னுது. ஆனா நான் போடல" என்றாள் மூத்தவள். "உங்க அத்தான் எடுத்துப் போட்டிருக்காரு."

சின்னவளின் குரல் மெதுவாக வந்தது. "இதை நான் அவன்கிட்ட சொன்னா அத்தானுக்கு வேலை போயிடும்க்கா."

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில் அது அவருக்கும் கேட்டுவிட்டது. அவர் எழுந்து நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார், மனைவியின் முழங்கையைத் தொட்டார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவர் அவளிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

"எழுதியே அனுப்பு" என்றாள் மூத்தவள். "கீழ என் போன் நம்பரையும் போடு."